காற்றில் ஏறி வரும் பூச்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிரில் விழும் பூச்சி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் காற்றில் வருகிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர், அப்படியானால் நம்மால் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

நேற்று வரை வயல் சுத்தமாக இருந்தது. ஒரே ராத்திரியில் இவ்வளவு பூச்சி எங்கிருந்து வந்தது?

முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கண்ணைத்தான். நெல்லில் வரும் புகையான், சாறு உறிஞ்சும் ஒரு தத்துப்பூச்சி, தண்டின் அடிப்பகுதியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வரப்பில் நின்றபடி பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று திரும்பினால், அது இல்லை என்று அர்த்தமில்லை, நாம் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வந்ததா, இங்கேயே பெருகியதா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தூரை விலக்கி உட்கார்ந்து பாருங்கள். எல்லா வயதும் கலந்திருந்தால், அதாவது மணல் அளவுக் குஞ்சு, நடுத்தரக் குஞ்சு, உரித்துப் போட்ட வெள்ளைத் தோல் எல்லாம் கிடந்தால், அது மூன்று நான்கு வாரமாக அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. மாறாக இருப்பதெல்லாம் நீள இறக்கையுள்ள வளர்ந்த பூச்சி மட்டும், குஞ்சும் இல்லை, தோலும் இல்லை என்றால், வெளியிலிருந்து வந்தது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அது பக்கத்து வயலா, வேறு நாடா என்பது அடுத்த கேள்வி.

காற்று தள்ளிக்கொண்டு வருகிறதா, பூச்சி தானாகப் பறக்கிறதா?

இரண்டும்தான். தூசியை அடித்துக்கொண்டு போவதுபோலக் காற்று பூச்சியை அடித்துக்கொண்டு போகிறது என்ற எண்ணம்தான் பலருக்கும் இருக்கிறது, அதில் பாதிதான் உண்மை. செடியின் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியோ, புகையானோ தன் சொந்த பலத்தில் பறந்தால் வினாடிக்கு ஒரு மீட்டர் போகும், அவ்வளவுதான், நாம் மெதுவாக நடக்கும் வேகம். அந்துப்பூச்சி என்றால் வினாடிக்கு மூன்று முதல் ஐந்து மீட்டர். ஆனால் மேலே போய்விட்டால் அங்கே காற்று வினாடிக்குப் பத்து, பன்னிரண்டு மீட்டர் என்று ஓடுகிறது. பன்னிரண்டு மீட்டர் என்றால் மணிக்கு 43 கிலோமீட்டர். பத்து மணி நேரம் அதில் இருந்தால் 430 கிலோமீட்டர்.

இறக்கையடிப்பதை நிறுத்தினால் பூச்சி கீழே வந்துவிடும். ஆக, மேலே இருக்கும் நேரம் முழுக்க அது இறக்கையடித்துக்கொண்டே இருக்கிறது. எப்போது ஏறுவது, எவ்வளவு நேரம் மேலே இருப்பது, எப்போது இறங்குவது என்பதில் பெரும்பகுதி பூச்சியின் கையில், எந்தத் திசை என்பது பெரும்பாலும் காற்றின் கையில். பேருந்தில் ஏறுவதும் இறங்குவதும் பயணியின் பொறுப்பு, ஓட்டுவது வேறு ஆள் என்கிற மாதிரி.

தரையை ஒட்டி, பயிர்களுக்கு இடையில், காற்று மெதுவாக இருக்கும். அங்கே பூச்சி நினைத்த பக்கம் போகலாம். ஓர் உயரத்துக்கு மேல் காற்றின் வேகம் பூச்சியின் வேகத்தை மிஞ்சிவிடும். இந்த எல்லையைப் பற்றி நிறைய எழுதியவர் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருந்த எல். ஆர். டெய்லர். ஒரு பூச்சி இந்த எல்லைக்குக் கீழேயே நின்றால் அது உள்ளூர்ப் பிரச்சினை, தாண்டி ஏறினால் ஊர் ஊராகப் பிரச்சினை.

எப்போது கிளம்புகிறது? ஏதாவது அறிகுறி தெரியுமா?

புகையானை எடுத்துக்கொள்வோம். பயிர் இளசாக, சாறு நிறைந்ததாக இருக்கும்வரை பிறக்கும் பெண் பூச்சிகளில் பல குட்டை இறக்கையோடுதான் வரும். அவை பறக்காது, முட்டை மட்டும் நிறைய இடும். பயிர் முற்றி, கூட்டமும் நெருங்கினால் பிறக்கும் தலைமுறைக்கு நீள இறக்கை முளைக்கிறது. அந்தி மயங்கும் நேரத்தில் அவை தண்டின் அடியிலிருந்து மேலே ஏறி இலை நுனிக்கு வந்து, சட்டென்று மேல் நோக்கிக் கிளம்பும். விடியலுக்கு முன்னும் ஒரு கூட்டம் கிளம்புவது உண்டு. உடம்பு நீளம் நான்கைந்து மில்லிமீட்டர், எடை ஓரிரு மில்லிகிராம், அது வானத்தைப் பார்த்து நேராக ஏறுவதை வெளிச்சத்துக்கு எதிராக நின்று பார்த்தால் ஒரு புள்ளி மேலே கரைவது மாதிரி இருக்கும்.

அசுவினியும் இதே கதைதான். இடம் நெருக்கமானால் இறக்கை இல்லாத தாய்க்கு இறக்கையுள்ள பிள்ளைகள் பிறக்கும். ஆனால் அது பகல் பயணி. வெயிலில் சூடேறி மேலே எழும் காற்றைப் பிடித்து ஏறும், சாயங்காலம் அந்தக் காற்று ஓய்ந்ததும் இறங்கும். கிளம்பும்போது வானத்தின் வெளிச்சம் அதை இழுக்கிறது, கொஞ்ச நேரம் பறந்து களைத்த பிறகு மஞ்சளும் பச்சையும் இழுக்கின்றன. மஞ்சள் ஒட்டுப்பொறியில் அசுவினி வந்து ஒட்டுவதற்குக் காரணம் இதுதான். அப்புறம் ஒரு வேடிக்கை: நல்ல செடி கிடைத்துக் குடியேறிவிட்டால் அசுவினியின் பறக்கும் தசைகள் கரைந்து, அந்தச் சத்து குட்டி போடப் போய்விடும். இறக்கை இருக்கும், பறக்க முடியாது.

அந்துப்பூச்சிகளில் பலவும் கூட்டிலிருந்து வெளிவந்த முதல் சில ராத்திரிகளில், வயிற்றில் முட்டை முதிர்வதற்கு முன்பே பயணத்தை முடித்துக்கொள்ளப் பார்க்கின்றன. சுமை ஏறிய பிறகு நெடும்பயணம் கஷ்டம்.

எவ்வளவு உயரத்தில் பறக்கும்? ஏன் ராத்திரியில்?

இந்த விஷயத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

பகலில் தரை சூடாகி, காற்று மேலும் கீழும் கலங்கிக்கொண்டே இருக்கும். தரையின் உராய்வு அந்தக் கலக்கத்தின் வழியாக மேல் காற்றையும் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. சூரியன் இறங்கியதும் தரை வேகமாகக் குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது, கனமான குளிர் காற்று அடியில் படிந்துவிடுகிறது. கலக்கம் நின்றுபோகிறது. அடியில் இருப்பது அசையாமல் கிடக்க, உராய்வின் பிடியிலிருந்து விடுபட்ட மேல் காற்று, தரையிலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில், வேகமெடுத்து ஓட ஆரம்பிக்கிறது. இதைத் தாழ்நிலை வேகக்காற்று எனலாம். முற்றத்தில் நிற்கும் நமக்கு ஓர் இலைகூட ஆடாது, தலைக்கு மேல் முந்நூறு மீட்டரில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் காற்று போய்க்கொண்டிருக்கும்.

அதே நேரத்தில் வெப்பமும் தலைகீழாக இருக்கிறது. சாதாரணமாக மேலே போகப் போகக் குளிரும், தெளிந்த ராத்திரிகளில் கொஞ்ச உயரம்வரை மேலே போகப் போகக் கதகதப்பு கூடும். பூச்சிக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் வசதி குறைவு, காற்று ஒரு அளவுக்குக் கீழே குளிர்ந்தால் இறக்கையடிக்க முடியாது. புகையானுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 16, 17 டிகிரி செல்சியஸ். ஆக வேகமும் சூடும் சேர்ந்து கிடைக்கும் ஓர் அடுக்கில் பூச்சிகள் போய்க் கூடுகின்றன. ராடாரில் பார்த்தால் வானம் முழுக்கச் சிதறிக் கிடக்காமல், விரித்த பாய் போல மெல்லிய அடுக்காகத் தெரியும். கும்மிருட்டில் பல அந்துப்பூச்சிகள் ஒரே பக்கம் தலையை வைத்துப் பறப்பதும் அந்த ராடாரிலேயே தெரிகிறது.

ராத்திரியில் பறவைத் தொல்லை குறைவு, வெயிலில் உடம்பு காய்வதும் இல்லை. அதுவும் ஒரு காரணம்தான்.

கடலைத் தாண்டுமா?

தாண்டும். 1967 ஜூலையில், ஜப்பானுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் நின்ற வானிலைக் கப்பலில் நெல் தத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தன. அதுவரை அவை ஜப்பானிலேயே எங்கோ குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய திருப்பம். புகையானால் ஜப்பான் குளிரைத் தாங்க முடியாது. வியட்நாமின் வடபகுதியிலும் சீனாவின் தென்கோடியிலும் குளிர்காலத்தைக் கழித்து, சீனாவின் வயல்களில் படிப்படியாகப் பெருகி வடக்கே ஏறி, ஜூன் ஜூலை மழைக்காலத்தின் தென்மேற்குக் காற்றில் கடலைக் கடந்து ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிறது. 1732இல் ஜப்பானில் வந்த பெரும் பஞ்சத்துக்குத் தத்துப்பூச்சிகளே முக்கியக் காரணம் என்கிறார்கள். அப்போது அவை எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரிய வழியில்லை.

அந்தக் கப்பல் சம்பவத்துக்கு முன்பே, 1924இல் ஆர்க்டிக்கில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக் கூட்டத்தின் பனியில் ஊசியிலை மரங்களின் அசுவினிகள் கிடப்பதை இங்கிலாந்து உயிரியலாளர் சார்லஸ் எல்டன் பார்த்தார். அந்த மரமே அங்கே கிடையாது. கிட்டத்தட்ட 1300 கிலோமீட்டர் தள்ளி ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கணித்தார். 1988இல் பாலைவன வெட்டுக்கிளிகள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளில் இறங்கின: சுமார் 5000 கிலோமீட்டர், பத்து நாள்.

இப்படிக் கிளம்புவதில் பெரும்பகுதி கடலில் விழுந்து சாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்த கொஞ்சத்தைத்தான் நாம் எண்ணுகிறோம்.

வெட்டுக்கிளியும் இப்படித்தானா?

அது பகலில் பறக்கும், கண்ணுக்குத் தெரிகிற கூட்டமாகப் பறக்கும். ஆனால் போகும் திசை கடைசியில் காற்றின் போக்கில்தான். மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் அளவில் நகர்ந்து, ஒரு நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் போகலாம். இதில் அழகான ஒரு விளக்கத்தை 1951இல் ரெய்னி என்ற ஆய்வாளர் சொன்னார். காற்றோடு போகும் கூட்டம், எதிரெதிர்க் காற்றுகள் வந்து கூடும் இடத்தில் போய்ச் சேரும். காற்று கூடும் இடத்தில் மேகம் எழும், மழை பெய்யும். மழை பெய்தால் பாலைவனத்தில் ஈர மணலும் புல்லும் கிடைக்கும், முட்டையிட அதுதான் வேண்டும். மழையைத் தேடிப் போக மூளை வேண்டாம், காற்றோடு போனால் போதும்.

2018இல் மே மாதம் மெகுனு, அக்டோபரில் லுபான் என்று இரண்டு புயல்கள் அரேபியாவின் ரூப் அல் காலி பாலைவனத்தில் மழையைக் கொட்டின. யாரும் எட்டிப் பார்க்காத அந்த மணல் காட்டில் மூன்று தலைமுறை பெருகி, 2019இல் ஏமனுக்கும் ஈரானுக்கும் போய், பின்னர் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியைப் பிடித்து, 2020இல் கென்யாவில் எழுபது வருஷத்தில் காணாத கூட்டமாக வந்தது. ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டம் ஒரு நாளில் 35,000 பேருக்கான உணவைத் தின்னும் என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கு.

படைப்புழு உலகம் முழுக்கப் பரவியதும் காற்றால்தானா?

முழுக்க இல்லை. மக்காச்சோளத்தைத் தின்னும் இந்த அமெரிக்கப் படைப்புழு 2016 தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது. அட்லாண்டிக்கைத் தாண்டியது பெரும்பாலும் சரக்கோடோ விமானத்தோடோ இருக்கலாம் என்பதுதான் பலருடைய கருத்து. ஆனால் கரையேறிய பிறகு நடந்த ஓட்டத்தில் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 2018 மே மாதம் கர்நாடகாவில் ஷிவமொக்கா, 2019 ஜனவரியில் சீனாவின் யுன்னான், அந்த வருஷ முடிவுக்குள் சீனாவில் 26 மாகாணங்கள், 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைத் தீவுகள். புழு நடந்து போகவில்லை, அதன் அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர் போகும்.

சொந்த ஊரிலும் அது இப்படித்தான். குளிர் தாங்காது என்பதால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்களின் தென்பகுதியில் மட்டும் குளிர்காலத்தைக் கழித்து, ஒவ்வொரு கோடையிலும் தலைமுறை தலைமுறையாகக் கனடாவரை ஏறுகிறது. மிசிசிப்பியிலிருந்து கனடாவுக்கு 1600 கிலோமீட்டரை 30 மணி நேரத்தில் கடந்ததாக ஒரு கணிப்பு உண்டு.

எல்லாப் பூச்சியும் இவ்வளவு தூரம் வருமா?

வராது. இதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. மாவுப்பூச்சியின் குஞ்சுகள் காற்றில் பக்கத்துச் செடிக்கோ பக்கத்துத் தோட்டத்துக்கோ போகும். செம்பேன் நூல் விட்டு அதில் தொங்கிப் பறக்கும், இறக்கையே இல்லாமல். வெள்ளை ஈ சில கிலோமீட்டர் போகும். இவை ஊர் விட்டு ஊர் பரவுவதில் நாற்றும் கன்றும் ஏற்றிப் போகும் வண்டிக்குத்தான் பங்கு அதிகம். எதற்கெடுத்தாலும் "காற்றில் வந்தது" என்றால், நாற்றைச் சோதிக்காமல் வாங்கிய தவறு மறைந்துபோகும்.

மழைக்கு அடுத்த நாள் பூச்சி அதிகமாகத் தெரிகிறதே, ஏன்?

இடிமழை வருமுன் மழைமேகத்தின் அடியிலிருந்து குளிர்காற்று தரையில் மோதி முன்னால் பாய்ந்து வரும், மழைக்கு முன்னே முகத்தில் அடிக்கிறதே அந்தக் காற்று. எதிரே வரும் சூடான காற்றோடு அது முட்டும் விளிம்பில், மேலே பறந்துகொண்டிருந்த பூச்சிகள் பெருக்கிக் குவித்தது மாதிரிச் சேர்ந்துவிடும். வானிலை ராடாரிலேயே அந்த விளிம்பு மெல்லிய கோடாகத் தெரியும், கோட்டில் பெரும்பகுதி பூச்சிதான். அப்புறம் மழையும் குளிர்ந்து இறங்கும் காற்றும் அவற்றைக் கீழே தள்ளும். கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்த ஊர்ப் படைப்புழு இப்படி மழைப் புயலை ஒட்டித்தான் திட்டுத் திட்டாக வெடிக்கிறது. இடையில் மலைத்தொடர் குறுக்கிட்டாலும், மேல் காற்று திடீரென்று குளிர்ந்தாலும், பொழுது விடிந்தாலும் இறங்குவது நடக்கும்.

வந்தது திரும்பிப் போகுமா?

வசந்தத்தில் குளிர்ப் பகுதிக்கு ஏறி, இலையுதிர்காலத்தில் திரும்ப வழியில்லாமல் மொத்தமாகச் சாகிறது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். சில இனங்களுக்கு அது உண்மைதான். ஆனால் ஐரோப்பாவில் பயிர்களைத் தின்னும் காமா அந்துப்பூச்சியை ராடாரில் தொடர்ந்து பார்த்தபோது, வசந்தத்தில் வடக்கே போகும் காற்றும் இலையுதிர்காலத்தில் தெற்கே போகும் காற்றும் வீசும் ராத்திரிகளில்தான் அது ஏறுகிறது, எதிர்த்திசைக் காற்று வீசினால் தரையிலேயே இருந்துவிடுகிறது என்று தெரிந்தது. நம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய பூச்சி, காற்று பார்த்து வண்டி ஏறுகிறது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1926 முதல் 1931 வரை அமெரிக்காவில் லூசியானாவின் டல்லுலாவில் பி. ஏ. கிளிக் என்பவர் விமான இறக்கைகளுக்கு நடுவே பிசின் தடவிய பொறிகளைக் கட்டி வானத்தைச் சலித்தார். 15,000 அடி உயரத்தில் ஒரு சிலந்தி அகப்பட்டது. 1968இல் ஷேஃபர் என்பவர் நைஜரில் பூச்சிகளுக்காகவே ஒரு ராடாரை வைத்து, ராத்திரியில் கூட்டமாகச் சேராத வெட்டுக்கிளி உள்ளிட்டவை பறப்பதைக் காட்டினார். ரோதாம்ஸ்டெட்டில் 1964 முதல் 12.2 மீட்டர் உயரக் குழாய் வழியே காற்றை உறிஞ்சி அதில் வரும் அசுவினிகளை எண்ணி வருகிறார்கள், அலுக்காமல். 2016இல் வந்த கணக்குப்படி தெற்கு இங்கிலாந்தின் வானில் மட்டும் வருஷத்துக்கு 3.5 லட்சம் கோடி பூச்சிகள் உயரே கடக்கின்றன, எடை 3200 டன்.

அந்துப்பூச்சியின் முகத்தில் ஒட்டியிருக்கும் மகரந்தத்தைப் பார்த்து, அந்தச் செடி எங்கே பூக்கிறது என்று தேடி ஊரைக் கண்டுபிடிப்பதும் உண்டு.

காற்று எங்கிருந்து வந்தது என்று பார்த்து முன்கூட்டியே எச்சரிக்க முடியாதா?

முடியும், செய்கிறார்கள். பூச்சி விழுந்த ராத்திரியிலிருந்து காற்றின் பாதையை மணி மணியாகப் பின்னோக்கிக் கணினியில் வரைந்தால் கிளம்பிய பகுதி ஓரளவு புலப்படும். முன்னோக்கியும் வரையலாம். ஆனால் உயரம் நூறு மீட்டர் மாறினால் திசையே மாறலாம், இறங்கும் நேரம் தெரியாவிட்டால் பாதையை எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. அதோடு, கிளம்பும் இடத்தில் பூச்சி இருக்கிறதா என்ற தகவல் வேண்டும். அங்கே எண்ணி வைத்தவர் யாரும் இல்லையென்றால் எவ்வளவு நல்ல காற்றுக் கணக்கும் வெறும் காற்றுக் கணக்குதான்.

வந்த பூச்சிக்கு வழக்கமான மருந்து கேட்கவில்லை. ஏன்?

அது இந்த வயலில் மருந்து பார்த்த பூச்சி இல்லை, கிளம்பிய ஊரில் பார்த்தது. அங்கே வருஷக்கணக்காக அடித்த மருந்துக்குத் தாக்குப்பிடித்தவைதான் இங்கே வந்து இறங்குகின்றன. 2005ஐ ஒட்டி ஆசியாவில் புகையான் இமிடாக்ளோப்ரிட் மருந்துக்கு அசையாமல் போனபோது, ஜப்பானில் இறங்கிய பூச்சியிலும் அதே எதிர்ப்புத்தன்மை இருந்தது. மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினால் தீரும் விஷயமல்ல, சிலந்தியும் பொறிவண்டும் சாவதுதான் மிச்சம்.

வைரஸும் கூடவே வரலாம். சில வைரஸ்கள் பூச்சியின் உடம்புக்குள் போய் ஆயுள் முழுக்கத் தங்கும், புகையான் கொண்டுவரும் நெல் குட்டை நோய்கள் இந்த வகை. வாய் நுனியில் மட்டும் ஒட்டும் வகை நெடும்பயணத்தில் பெரும்பாலும் வீரியம் இழந்துவிடும்.

நல்ல பூச்சிகளும் காற்றில் வருமா?

வரும். புகையான் முட்டையைத் தின்னும் நாவாய்ப்பூச்சி ஒன்று அதே காற்றில் அதன் பின்னாலேயே கடல் தாண்டுகிறது. அசுவினியைத் தின்னும் புழுக்களின் தாயான மிதவை ஈக்களும் கூட்டமாக இடம்பெயர்கின்றன.

சரி, நான் என்ன செய்யட்டும்?

வந்திறங்கும் நாளைத் தவறவிடாதீர்கள், அவ்வளவுதான் கேட்பேன். காற்றின் திசை மாறிய ராத்திரி, இடிமழை பெய்த ராத்திரி, அடுத்த காலையில் வயலுக்குள் இறங்கித் தூரை விலக்கிப் பாருங்கள். விளக்குப்பொறி இருந்தால் தினமும் எண்ணி ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், ஒருநாள் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை, நேற்றோடு ஒப்பிடும்போதுதான் மதிப்பு. நான் இப்படிக் குறிக்க ஆரம்பித்த முதல் பருவத்தில் பன்னிரண்டு நாள் வெறும் ஒற்றை இலக்கம், சோம்பல் வந்து பதிமூன்றாம் நாள் போகவில்லை. பதினான்காம் நாள் பொறியின் தட்டு தெரியாத அளவுக்கு விழுந்து கிடந்தது, வந்தது எந்த ராத்திரி என்று இன்றுவரை தெரியாது.

வந்த அன்றே மருந்தைத் தூக்க வேண்டாம். வந்திறங்கிய நீள இறக்கைப் புகையான் அதிகச் சேதம் செய்வதில்லை, அதன் பேரக்குழந்தைகள்தான் வட்டம் வட்டமாகப் பயிரைக் கருக வைக்கின்றன. ஆக வந்த தேதியைக் குறித்துக்கொண்டால், முட்டை பொரிந்து குஞ்சு வரும் நாளைக் கணக்கிட்டு, சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்து, தேவைப்பட்டால் மட்டும், தண்டின் அடியில் படும்படி அடிக்கலாம். தழைச்சத்தை, அதாவது யூரியா போன்ற உரத்தை, அள்ளிப் போட்டிருந்தால் எந்தக் காற்றும் குற்றவாளி இல்லை, வந்த பத்து பூச்சிக்கு விருந்து வைத்தது நாம்தான்.

பக்கத்து வயல்காரர் அடிக்காததால்தான் என் வயலுக்கு வந்தது என்கிறேன், சரியா?

சில பூச்சிக்குச் சரி. நீள இறக்கைப் புகையான் கூட்டத்துக்கு அவர்மேல் பழி போடுவதற்கு முன், அவர் தூரையும் ஒருமுறை விலக்கிப் பாருங்கள். அங்கேயும் குஞ்சும் தோலும் இல்லாமல் வளர்ந்த பூச்சி மட்டுமே இருந்தால், அவரும் உங்களைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.